கிள்ளத் தயங்கிய கை
பிள்ளையைப் போல் வளர்த்த என் தக்காளிச் செடியின் பக்கக்கிளை ஒன்றை, அண்டை வீட்டு மூதாட்டி வேலிக்கு இப்பால் கைநீட்டிப் பட்டென்று ஒடித்துப் போட்டபோது, இந்த நாட்டுக்கு வந்த ஏழு ஆண்டுகளில் படாத வலி எனக்கு அன்று பட்டது. அவரோ தலையிலிருந்து பேன் எடுத்துவிட்டவரைப் போலத் திருப்தியாகச் சிரித்தார்.

முந்தைய ஆண்டு என் செடிகள் புதராக மண்டியதையும், முதல் உறைபனி விழுந்த காலையில் இலைகள் கருகிக் காய்கள் பச்சையாகவே நீர்கோத்து நின்றதையும் அவர் பார்த்திருக்கிறார். ஊரில் அம்மா தக்காளியைக் கிள்ளி நான் பார்த்ததே இல்லை. அது தானாக முளைத்துத் தன் விருப்பம்போல் படர்ந்து, காய்த்து ஓய்ந்தது. வெயிலுக்குக் குறைவில்லாத இடத்தில் செடிக்கு என்ன அவசரம்? இங்கே கோடை, உட்காரச் சொல்வதற்குள் கிளம்பிவிடும் விருந்தாளி.

தண்டும் இலைக்காம்பும் சேரும் கக்கத்தில் எழும் தளிரை விட்டுவைத்தால், அதுவே இன்னொரு தண்டாகிச் செடியின் வலுவைப் பங்குபோட்டுக்கொள்ளும். 5 செ.மீ. வளர்வதற்குள், ஈரமில்லாத நாளில், விரலாலேயே கிள்ளிவிட்டால் காயம் விரைவில் ஆறும். காய்கள் எண்ணிக்கையில் குறைந்தாலும் பெருத்து, முன்னதாகவே பழுக்கும். இதெல்லாம் உயர்ந்துகொண்டே போகும் வகைக்குத்தான். குட்டை வகை கிளை நுனிகளில் பூத்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்வதால், அதைக் கவாத்து செய்பவர் தன் விளைச்சலையே வெட்டுகிறார் என்பதை ஒரு செடியைப் பலிகொடுத்த பிறகே அறிந்தேன். மண்ணைத் தொடும் அடியிலைகளை நீக்குவதும், உறைபனிக்கு ஒரு மாதம் முன்பே நுனியைக் கிள்ளுவதும் மூதாட்டியின் மற்ற கட்டளைகள்.

இப்போது கூசாமல் கிள்ளுகிறேன். இந்த மண்ணுக்குப் பழகிவிட்டேன் என்றும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் விரலில் ஒட்டும் பச்சைக் கறையை முகர்ந்தால், பழம் பறித்த கையோடு என் தலையைக் கோதிய அம்மா வந்து நின்றுவிடுகிறார். பிறகு கிள்ளியதை எறிய மனம் வருவதில்லை. ஒரு குவளை நீரில் போட்டுவைத்தேன். பத்து நாளில் வேர்விட்டது. சன்னலோரத்தில் இன்று பதினொரு குவளைகள். நடுவதற்கு இடமில்லை. மூதாட்டி வரும் நாட்களில் அவற்றைக் குளியலறைக்குள் ஒளித்துவைக்கிறேன்.