ஒட்டு போட்ட 92

ஸ்கூல் நினைவு மலருக்கு எதாவது எழுதுடான்னு நம்ம பசங்க கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது ஆனுவல் டேவும் இல்ல, கேன்டீனும் இல்ல, ஒரு நம்பர். 147573952589676412927. இருபத்தோரு இலக்கம், இன்னிக்கும் பாக்காம எழுதுவேன், என் கார் நம்பர் கேட்டாதான் யோசிக்கணும்.

1987, பிளஸ் ஒன், ஸ்கூல் எக்ஸிபிஷன். எல்லாரும் எரிமலை, பெரிஸ்கோப்புன்னு பண்ணிட்டிருக்க, மேத்ஸ் சார் என்னைக் கூப்ட்டு, ரெண்டை 67 தடவை எழுதிப் பெருக்கி அதுல ஒண்ணைக் கழி, வர்ற நம்பர்தான்டா உன் ஐட்டம்னுட்டார். அதான் மேல சொன்ன நம்பர். மெர்சென்னுனு ஒரு பிரெஞ்சு சாமியார் 1644ல இதைப் பகா எண்ணுன்னு, அதாவது ஒண்ணாலயும் தன்னாலயும் மட்டும்தான் வகுபடும்னு, லிஸ்ட்ல சேத்துட்டாராம், 1876ல லூக்காஸ்னு இன்னொரு பிரெஞ்சுக்காரர் வந்து இல்ல இது பகு எண்தான்னு நிரூபிச்சார், ஆனா ஒரு காரணியக்கூட அவரால காட்ட முடியல. எனக்குப் புரியவே இல்ல. பிரியும்னு தெரியுது, எப்படிப் பிரியும்னு தெரியல, அது எப்படி சார்னு கேட்டேன். "கள்ள நோட்டைத் தொட்டாலே தெரியுதுல்ல, அதை அடிச்சவன் யாருன்னு தெரிஞ்சாத்தானா?"ன்னார்.

அப்புறம் 1903ல நியூயார்க்ல கோல்னு ஒரு புரொபசர் கூட்டத்துல எழுந்து ஒரு வார்த்தை பேசாம போர்டுல பெருக்கிக் காட்டிட்டுப் போய் உக்காந்தாராம், 193707721ஐயும் 761838257287ஐயும். கண்டுபுடிக்க மூணு வருஷ ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னு சொன்னதா கதை. இப்போ லேப்டாப் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள சொல்லிடுது.

சார்ட் பேப்பர் வாங்க மெட்ராஸ் ஆண்டர்சன் தெருவுக்கு சாரே கூட வந்தார். திரும்பும்போது ஹார்பர் பக்கம் கை காட்டி, அங்க கிளார்க்கா இருந்த ராமானுஜன் அப்புறம் கேம்பிரிட்ஜ் போய் 1915ல வகுத்தி, அதான் மீதியில்லாம வகுக்கற எண், ஜாஸ்தியா இருக்கற எண்களைப் பத்தி எழுதினார்டா, 12க்கு ஆறு வகுத்தி, அதுக்குக் கீழ எதுக்கும் அவ்ளோ கெடையாது, உன் நம்பருக்கு இவ்ளோ உடம்பு இருந்தும் மொத்தமே நாலுன்னார். ஒண்ணு, அது, அந்த ரெண்டு காரணி, அவ்ளோதான்.

பெருக்கல் முழுசும் நான் கையாலயே போட்டேன், ரெண்டு ராத்திரி. ஒன்பதால வகுத்தா வர்ற மீதியை வெச்சு சரியும் பாத்தேன், இலக்கம் எல்லாம் கூட்டினா 109, அதைச் சுருக்கினா 1, காரணி ரெண்டும் தனித்தனியா 1, ஒரொண்ணு ஒண்ணு, ஆச்சு. நீல ஸ்கெட்ச் பென்ல பெரிசா எழுதி மாட்டிட்டேன். நாள் பூரா ஜனம் வந்துச்சு, என் பெரியப்பாகூட வந்து முதுகுல தட்டிக் குடுத்தார்.

சாயங்காலம் சார் சார்ட் முன்னாடி நின்னு வலது கோடியிலேந்து ஒண்ணு விட்டு ஒண்ணா விரலால தொட்டு முணுமுணுத்துட்டே இருந்தார். "டேய், பதினொண்ணு ஒத்துக்கல." பதினொண்ணால வகுத்தா காரணி ரெண்டுக்கும் மீதி 9, 8, பெருக்கினா 72, அதையும் பதினொண்ணால வகுத்தா 6 மிஞ்சணும், என் சார்ட்ல 3. கடைசில 412927ன்னு இருக்க வேண்டியதை 412297ன்னு எழுதியிருக்கேன். ஒன்பது வெச்சு செக் பண்ணேனே சார்னு இழுத்தேன். "எடம் மாத்திப் போட்டா கூட்டுத்தொகை மாறுமாடா மடையா?"

புது சார்ட்டுக்கு நேரமில்ல. ஒரு துண்டுப் பேப்பர்ல 92ன்னு எழுதி, பச்சை பென்தான் கெடச்சுது, கேன்டீன்லேந்து சோத்துப் பருக்கை வாங்கி ஒட்டினார். அதுக்கப்புறம்தான் குரூப் போட்டோ எடுத்தாங்க, பின்னாடி அந்த சார்ட்டும் இருந்துச்சு. யார்கிட்டயாவது அந்த போட்டோ இருந்தா ஒரு காப்பி அனுப்புங்கப்பா, அந்தப் பச்சை 92 தெரியுதான்னு பாக்கணும்.