பெகு யோமாவின் கோழி, பழனிமலையின் மஞ்சள் கால்

பர்மாவில் மோல்மீனிலும் தாட்டோனிலும் பெகுவிலும் நம் வீட்டு வாசலில் கிளறித் திரியும் நாட்டுக்கோழிக்குத் தாய்வீடு வெகுதூரத்தில் இல்லை. பெகு யோமா மலைத்தொடரின் மூங்கில் காட்டுக்குள் விடியலில் கூவுகிறதே செங்காட்டுக்கோழி, அதுதான் இதன் மூதாதை. பர்மியர் அதைத் தோச்செட் என்பார்கள். தோ என்றால் காடு. செங்காட்டுக்கோழியில் ஐந்து கிளையினங்கள் உண்டு. பர்மா, தாய்லாந்து, சீனத்து யுன்னான் பகுதிகளில் வாழ்வது ஸ்பாடிசியஸ் என்ற கிளை. 2020இல் 863 கோழிகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது. உலகெங்கும் உள்ள வளர்ப்புக் கோழிகள் இந்தக் கிளைக்கே மிக நெருங்கியவை என்று அது காட்டியது.

ஆனால் கோழியின் காலைப் பாருங்கள். செங்காட்டுக்கோழியின் கால் சிலேட்டு நிறம். நம் முற்றத்துக் கோழிகளில் பலவற்றுக்கு மஞ்சள் கால். அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது? 1868இல் சார்லஸ் டார்வின், செங்காட்டுக்கோழி ஒன்றே எல்லா வளர்ப்புக் கோழிக்கும் மூலம் என்று எழுதினார். 2008இல் மரபணு ஆய்வு அதைத் திருத்தியது. மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்கிறது. அந்தப் பறவை பர்மாவில் கிடையாது. பழனிமலை, ஆனைமலை, நீலகிரி என்று தென்னாட்டு மலைகளில் வாழ்வது. பழந்தமிழில் கானங்கோழி என்றால், தெற்கில் அது இதுதான். பர்மாக் காட்டு உடம்பும் தமிழ்மலைக் காலும் ஒரே கோழியில் சேர்ந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது. முருகன் கொடியில் நிற்கும் சேவலை இங்குள்ள தண்டாயுதபாணி கோயில்களில் கும்பிடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மஞ்சள் காலை விரும்பி வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாய், தந்தை இருபக்கமும் அந்த மரபணு இருந்தால்தான் குஞ்சுக்கு மஞ்சள் தோல் வரும். சேவலும் பெட்டையும் மஞ்சள் காலாக இருந்தால் குஞ்சுகள் அத்தனையும் மஞ்சள்தான். வெள்ளைக் கால் சேவலை விட்டால் முதல் ஈட்டிலேயே மஞ்சள் மறைந்துபோகலாம். பச்சை நிறக் கால் என்பது மஞ்சள் மேல்தோலுக்கு அடியில் கருமை படிந்தது. அதனால் அதையும் மஞ்சள் கணக்கில் சேர்க்கலாம். மரபணு இருந்தும் கால் வெளுத்திருந்தால் தீனியைப் பாருங்கள். நிறம் மக்காச்சோளத்திலிருந்தும் பசுந்தழையிலிருந்தும்தான் வருகிறது. வெறும் நொய்யும் தவிடும் போட்டால் ஏறாது. தொடர்ந்து முட்டையிடும் பெட்டைக்கும் கால் வெளுக்கும். அந்த நிறம் முட்டையின் கருவுக்குப் போய்விடுவதால் அப்படி, நோய் அல்ல.

காட்டோரக் கிராமங்களில் "இது அசல் காட்டுச்சேவல்" என்று விலை பேசுவார்கள். நிறத்தை நம்பாதீர்கள், கலப்புச் சேவலும் அதே செம்பொன் நிறத்தில் வரும். அசல் சேவலுக்கு ஆண்டுக்கொரு முறை கோலம் மாறும். இனப்பெருக்கக் காலம் முடிந்து, மழைக்காலத்தில், ஏறக்குறைய ஜூன் முதல் செப்டம்பர் வரை, பிடரியின் நீண்ட பொன்னிறகுகள் உதிர்ந்து குட்டையான கறுப்பிறகு முளைக்கும். கொண்டையும் சுருங்கும். வீட்டுச் சேவலுக்கு இந்த மாற்றம் இல்லை. காட்டுப் பெட்டைக்குக் கொண்டை இருப்பதே தெரியாது. காட்டுச்சேவலின் கூவல் குறுகியது, கடைசியில் வெட்டினாற்போல் நிற்கும். மஞ்சள் கால் இருந்தால் மேலே யோசிக்கவே வேண்டாம், வீட்டு இரத்தம் கலந்திருக்கிறது. இப்படிக் கலப்பதுதான் காட்டுக்கோழிக்கு இன்றைய பெரிய ஆபத்து. அதனால் காட்டை ஒட்டி வீடு உள்ளவர்கள் சேவலை அவிழ்த்துவிடாமல் பஞ்சாரத்தில் அடைத்து வைப்பது நல்லது.

அடைவைப்பதற்கு வருவோம். காட்டுப்பெட்டை நாளுக்கொன்றாக நாலைந்து முட்டை இட்டு முடித்த பிறகே உட்காரும். எல்லாம் ஒரே நாளில் பொரிக்க வேண்டும் என்பதற்காக. முதல் முட்டை அதுவரை வளராமல் காத்திருக்கும். அடைமுட்டையை நாம் சேர்த்துவைக்க முடிவது இந்தக் குணத்தால்தான். ஆனால் அதற்கு எல்லை ஏழு நாள். பத்து நாளைத் தாண்டினால் கூமுட்டை கூடும். கூர்முனை கீழே இருக்கும்படி நிழலான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். கூட்டில் எப்போதும் ஒரு முட்டையை விட்டுவைக்க வேண்டும். முழுவதும் எடுத்தால் பெட்டை இடத்தை மாற்றிப் புதருக்குள் போய்விடும். எடுக்காமலே விட்டாலோ, கூடு நிறைந்ததும் உட்கார்ந்துவிடும்.

காலம் அதைவிட முக்கியம். காட்டுக்கோழி வறண்ட மாதங்களில் குஞ்சு பொரித்து, மழைக்கு முன் இறகு முளைக்க வைத்துவிடும். நாமும் தை, மாசியில் அடைவைத்தால், ஏப்ரல் நடுவில் வரும் பர்மியப் புத்தாண்டான திங்யானுக்குள் குஞ்சு இறங்கியிருக்கும். மே மாத நடுவில் முதல் மழை பிடிக்கும்போது இறகு மூடியிருக்கும். திங்யானுக்குப் பிறகு வைத்த ஈடு நனைந்து சாவதைத்தான் ஊர்க்காரர்கள் "ராசியில்லை" என்கிறார்கள். ஒரு நாட்டுப்பெட்டைக்குப் பத்து முதல் பன்னிரண்டு முட்டை போதும்; அதற்குமேல் ஓரத்து முட்டைகள் குளிர்ந்துவிடும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திபோல் நரம்பு தெரியாததை எடுத்துவிடலாம். பொரித்த குஞ்சுக்கு முதல் நாள் தீனி தேவையில்லை. வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது. காட்டில் இந்த அவகாசத்தில்தான் கடைசிக் குஞ்சும் வெளியே வருகிறது.

முற்றத்தின் மற்றப் பறவைகள் வேறுவேறு காடுகளிலிருந்து வந்தவை, அதனால் நாள்கணக்கும் வேறு. கோழிக்கு 21 நாள். சாதாரண வாத்து காட்டுவாத்தான மல்லார்டின் வழி, அதற்கு 28. முகத்தில் சிவந்த சதை உள்ள மஸ்கவி வாத்து நடு, தென் அமெரிக்கக் காட்டு மரங்களில் வாழ்ந்தது, அதற்கு 35 நாள். வான்கோழி மெக்சிகோவிலிருந்து வந்தது, 28. கினிக்கோழி ஆப்பிரிக்கப் புல்வெளிப் பறவை, 26 முதல் 28. மூக்கின்மேல் முண்டுள்ள பெருவாத்து சீனத்துக் காட்டுப் பெருவாத்திலிருந்து வந்தது, 30 நாளையொட்டி. பெகுவின் சின்னப் பறவையான ஹிந்தாவைக் காவிநிற வாத்து என்பார்கள். குளிர்காலத்தில் ஐராவதிக்கு வரும் அந்தப் பறவை வீட்டு வாத்துகள் எதற்கும் மூதாதை அல்ல.

வாத்துமுட்டையும் கோழிமுட்டையும் ஒரே அடைக்கோழிக்கு வைப்பதானால், வாத்துமுட்டையை முதலில் வைத்து ஏழு நாள் கழித்துக் கோழிமுட்டையைச் சேருங்கள். ஒரே நாளில் வைத்தால் கோழிக்குஞ்சு இறங்கியதும் தாய் எழுந்துவிடும். ஒரு வாரம் மீதியிருக்கும் வாத்துமுட்டைகள் வீணாகும். மஸ்கவி முட்டைக்குக் கோழியை நம்பவே கூடாது. 35 நாள் அதற்கு நீளம். வாத்துத்தாய் குளத்திலிருந்து நனைந்து வந்து உட்காரும். அதற்கு ஈடாக, எட்டாம் நாளிலிருந்து தினம் ஒருமுறை முட்டைமேல் வெதுவெதுப்பான நீரைத் தெளிக்கலாம். கோழி வளர்க்கும் வாத்துக்குஞ்சை இரண்டு மூன்று வாரத்துக்கு ஆழமான தண்ணீரில் விடாதீர்கள், நனைந்து விறைத்துவிடும். கினிக்குஞ்சும் அப்படியே: வறண்ட நாட்டுப் பறவை, பனிப்புல்லில் நடந்தாலே சாகும்.

வான்கோழியைக் கோழி மேய்ந்த மண்ணில் விடக் கூடாது. கோழியின் குடற்புழு முட்டையில் ஒட்டிவரும் நுண்ணுயிர் கோழியைப் பெரிதாக வாட்டுவதில்லை. ஆனால் வான்கோழியின் கல்லீரலைப் புண்ணாக்கிக் கொல்லும். எச்சம் கந்தக மஞ்சளாக இருந்தால் அதுவே.

வெள்ளைக்கழிச்சலுக்கு ஐ-2 என்ற சொட்டுமருந்து இருக்கிறது. மற்றவற்றைவிட வெப்பம் தாங்குவதால் மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊரிலும் பயன்படுத்தலாம். ஒரு கண்ணில் ஒரு சொட்டு, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. கண்ணில் படர்ந்து மறையும்வரை கோழியை விடாதீர்கள். தலையை உதறினால் சொட்டு தரையில்தான். நோய் வந்துவிட்ட கோழிக்குப் பயன்படாது. செத்ததை மூங்கில் காட்டுப் பக்கம் கொண்டுபோய் எறியவும் வேண்டாம்; ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவி மூடுங்கள்.