நாலு ஒன்பதும் அம்மாவின் பட்டிக்குறியும்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில் பதினொரு வருஷம் இருந்துவிட்டு மேற்கே அல்பேட்டா மாகாணத்தின் புறூக்ஸ் நகரத்துக்குக் குடிபெயரப் போகிறோம் என்றதும் சொந்தக்காரர் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "அங்க என்ன இருக்கு?" மாடு இருக்கு என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். உண்மையிலேயே மாடுதான். இவருக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது.

முதல் வின்ரரில் நான் அழாத நாள் குறைவு. பேச்சுத் துணைக்கு ஒரு தமிழ்ச் சனம் இல்லை, கறித்தூளும் ரொறன்ரோவில் இருந்து பார்சலில் வரவேண்டும். சமவெளியில் காற்று அடிக்கிற அடியில் கதவைத் திறக்கவே பயமாக இருக்கும். திடீரென்று ஒருநாள் மேற்கே மலைப்பக்கத்தில் இருந்து சினூக் என்கிற சூட்டுக் காற்று வந்து, காலையில் முழங்கால் மட்டும் கிடந்த ஸ்நோவைப் பின்னேரத்துக்குள் தண்ணியாக்கிவிட்டுப் போகும். அடுத்த நாள் எல்லாம் கண்ணாடியாய் உறைந்திருக்கும். அப்படி ஒருநாள் நான் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

வெயில் காலத்தில் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டைனோசர் பூங்காவுக்குப் போனோம். புறூக்ஸில் இருந்து முக்கால் மணித்தியாலம்கூட இல்லை. பிள்ளைகள் எலும்பைத் தேடி ஓடினார்கள். அம்மா மட்டும் ஒரு மரக்குற்றி வீட்டுக்கு முன்னால் நின்றுவிட்டா. அது ஜோன் வெயர் என்பவரின் வீடு. வேறிடத்தில் இருந்ததைக் கொண்டுவந்து அங்கே வைத்திருக்கிறார்கள்.

ஜோன் வெயர் அமெரிக்காவின் தெற்கில் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். உள்நாட்டுப் போருக்குப் பிறகு விடுதலையாகி, ரெக்சஸில் மாட்டு வேலை பழகினார். 1882இல் ஐடஹோவில் இருந்து ஏறக்குறைய 3,000 மாடுகளைக் கால்நடையாகவே அல்பேட்டாவுக்குச் சாய்த்துக்கொண்டு வந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். மாட்டை விட்டுவிட்டுப் பலர் தெற்கே திரும்பிவிட, அவர் நின்றுவிட்டார். வேலைக்குச் சேர்ந்தபோது பகிடிக்கு ஒரு பழஞ்சேணத்தையும் ஒரு சொங்கிக் குதிரையையும் கொடுத்தார்களாம். "கொஞ்சம் நல்ல சேணமும் இதைவிட முரட்டுக் குதிரையும் தாங்கோ" என்று கேட்டாராம். காளையைத் தனியாகத் தூக்கினார், மாடுகளின் முதுகில் நடந்து பட்டியைக் கடந்தார் என்றும் கதைகள் உண்டு. இலங்கையில் வன்னிக் காட்டில் திரிகிற குழுமாடு பிடிக்கிறவர்களைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார்கள். பாதியைக் கழித்துவிட்டுக் கேட்கவேண்டும்.

கழிக்கத் தேவையில்லாதது அவருடைய குறி, மாடு ஆருடையது என்று தெரிய அதன் தோலில் சுடுகிற அடையாளம். 1885இல் 9999 என்று தன் சொந்தப் பட்டிக்குக் குறி பதிந்தார். நாலு ஒன்பதும் வரிசையாக நாலு ஊன்றுகோல் மாதிரி இருந்ததால் சனம் அதை ஊன்றுகோல் குறி என்றே சொன்னது. அடுத்த வருஷம் 1886-87 வின்ரரில் தெற்கு அல்பேட்டாவில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பனி மூடிய புல்லைத் தோண்டி எடுக்க மாட்டுக்குத் தெரியாது, குதிரைக்குத் தெரியும். வைக்கோல் சேர்த்து வைக்காதவன் பட்டியை இழந்தான்.

எனக்கு ஜோனைவிட அவருடைய மனுசி மில்ட்ரெட்தான் மனதில் நிற்கிறா. அவவும் ரொறன்ரோவில் இருந்து வந்தவதான்! தகப்பன் தச்சுவேலைக்காரர், குடும்பத்தோடு கல்கரிக்கு வந்திருந்தார். 1892ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் தேதி கலியாணம். நாலு வருஷத்துக்கு ஒருக்கால் வருகிற நாளை ஏன் தெரிந்தெடுத்தார்களோ. ஜோனுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கணக்கு வழக்கு எல்லாம் அவவின் கையில். நகரத்தில் வளர்ந்த பெண், அடுத்த வீடு கண்ணுக்கே எட்டாத இடத்தில் ஒரு பிள்ளைக்குப் பின் ஒன்றாகப் பெற்று வளர்த்திருக்கிறா. எனக்குப் போனாவது இருந்தது.

1900 அளவில் மலையடிவாரத்தில் சனம் நெருங்கத் தொடங்க, அவர்கள் கிழக்கே ரெட் டியர் ஆற்றுப் பக்கம் நகர்ந்தார்கள். 1902 வெள்ளம் வீட்டை அள்ளிக்கொண்டு போனது. பிறகு மேட்டில் கட்டினார்கள். இதை நான் வாசித்துச் சொல்ல, "ஆத்தங்கரையில கட்டினால் வேற என்ன நடக்கும்" என்றா அம்மா.

1905இல் எல்லாம் முடிந்தது. இளவேனிலில் மில்ட்ரெட் தைபோயிட்டும் நிமோனியாவும் வந்து செத்துப்போனா. செப்ரெம்பர் முதலாம் தேதி அல்பேட்டா தனி மாகாணமானது. இரண்டு கிழமைக்குள் ஜோனின் குதிரை ஒரு வளைக்குள் கால் விட்டு இடறி அவர் மேலேயே விழுந்தது. மூத்தவள் ஜேனற்றுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. பிள்ளைகளைத் தாய்வழித் தாத்தா பாட்டி எடுத்து வளர்த்தார்கள். தோல் நிறத்துக்காகத் தன்னை மதிக்காத கல்கரியை ஜோன் பெரும்பாலும் ஒதுக்கியே வைத்திருந்தார். அங்கேதான் அவ்வளவு பெரிய செத்தவீடு நடந்தது. உயிரோடு இருந்தபோது எங்கே போயிருந்ததாம் அந்தச் சனம்?

அம்மா வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தா. "எங்கட மாட்டுக் கொட்டில் இதைவிடப் பெரிசு."

அப்பப்பாவின் பட்டி அவ பார்த்துப் பார்த்து வளர்த்தது. வலது தொடையில் அவர் பெயரின் முதலெழுத்துகளைக் குறிசுட்டிருக்கும். கடைசியாக இடம்பெயரும்போது படலையைத் திறந்து மாடுகளை விட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டோம். அதைப் பற்றி அம்மா கதைப்பதில்லை. அன்றைக்கும் கதைக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் கம்பிவேலிக்கு அந்தப்பக்கம் கறுத்த மாடுகள் மேய்ந்துகொண்டு நின்றன. அம்மா காரை நிற்பாட்டச் சொன்னா. கண்ணாடியை இறக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தா.

"காதில மஞ்சள் மட்டைதான் தொங்குது. குறியைக் காணேல்லை."

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டா: "பிள்ளை, இது ஆற்ற மாடு?"

எனக்குத் தெரியவில்லை.