இறுகிப்போன கியர் லீவரும் ஒரு பழைய கேபிளும்

மலாக்கா நீரிணையில் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் பாயைவிட எஞ்சினைத்தான் அதிகம் நம்பியிருக்கிறோம். காற்று பல நாள் பேருக்குக்கூட இருக்காது. வந்தாலும், தென்மேற்குப் பருவ மாதங்களில் விடியலுக்கு முன்னால் 'சுமத்ரா' என்ற பெயரில் திடீரென்று அடித்து, கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். மலேசியாவின் போர்ட் டிக்சனில் நிற்கும் என் முப்பதடிப் படகில் இருப்பது யான்மார் 2ஜிஎம்20. இரண்டு சிலிண்டர், 18 குதிரைத்திறன், பழைய டீசல் எஞ்சின். அதன்மேல் எனக்குக் குறையே இல்லை. தொல்லை கொடுத்தது காக்பிட்டில், அதாவது படகை ஓட்டும் இடத்தில், இருக்கும் லீவர்.

கியரையும், எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலையும் ஒரே லீவர் பார்த்துக்கொள்ளும் வகை இது. நிமிர்ந்து நின்றால் நியூட்ரல். முன்னால் தள்ளினால் முதலில் கியர் விழும், அதற்குமேல் தள்ளத் தள்ள வேகம் ஏறும். பின்னால் இழுத்தால் ரிவர்ஸ். இது கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வந்து, கடைசியில் ஃபார்வர்டிலிருந்து நியூட்ரலுக்கு எடுக்க இரண்டு கையும் வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. படகுக்கு பிரேக் கிடையாது, ரிவர்ஸ்தான் பிரேக். படகு கட்டும் மேடையான ஜெட்டியை நெருங்கும் நேரத்தில் கியர் விடாவிட்டால் எஞ்சினை அணைக்கும் கைப்பிடியை இழுப்பது ஒன்றுதான் வழி. அதனால் வேலை முடியும்வரை மரினாவுக்குள் (படகுத்துறைக்குள்) நுழையும்போதெல்லாம் என் மனைவி அந்தக் கைப்பிடி பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார்.

"தம்பி, அது பழசு. லீவரையே மாத்திடுங்க" என்றார் பக்கத்துப் படகுக்காரர். புது லீவரின் விலையைப் பார்த்ததும், முதலில் எங்கே பிடிக்கிறது என்று கண்டுபிடிப்போம் என்று தோன்றியது.

சந்தேகப்பட மூன்று இடங்கள்தான் உண்டு: லீவர், கேபிள், கியர்பாக்ஸ். எஞ்சினை நிறுத்திவிட்டு கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து தொடங்கினேன். அங்கே கேபிள் முனையைப் பிடித்திருக்கும் சின்ன பின்னைக் கழற்றி, கியர்பாக்ஸின் 'கை'யை, அதாவது கேபிள் அசைக்கும் சின்ன நெம்புகோலை, தனியாக அசைத்துப் பார்த்தேன். லேசாக நகர்ந்தது. கியர்பாக்ஸ் தப்பித்தது, பெரிய செலவும் தப்பித்தது. இப்போது காக்பிட்டுக்குப் போய் லீவரை நகர்த்தினால் அதே இறுக்கம். அப்புறம் லீவரைச் சுவரிலிருந்து கழற்றி, பின்பக்கத்தில் கேபிளைப் பிரித்தேன். லீவர் ஒரு விரலுக்கே அசைந்தது. மிச்சம் கேபிள்தான்.

லீவரைக் கழற்றியதுதான் இதில் பாதி நாளைத் தின்றது. அதன் உடல் அலுமினியம், திருகுகள் ஸ்டெயின்லெஸ். உப்புக் காற்றில் இந்த இரண்டும் ஒட்டி இருந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகத் திருகைச் சுற்றி இறுகிவிடும். மூன்று திருகுகள் வந்தன, நான்காவது அசையவில்லை. துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் ஹீட் கன்னால் சூடாக்கி, இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டியதும் 'டக்' என்று விட்டது. வேகமாகத் திருப்பினால் தலை தேய்ந்துவிடும், அதற்குப் பிறகு டிரில்தான். இந்த இடத்தில் அவசரமே கூடாது.

இந்தக் கேபிள் சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி வெறுமனே இழுப்பது மட்டும் இல்லை, தள்ளவும் செய்யும். வெளியே கம்பி பின்னிய கெட்டியான உறை, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய், அதற்குள் வழுக்கிப் போகிற இரும்புக் கம்பி. முனையில் இருக்கும் ரப்பர் மூடி வெடித்தால் தண்ணீர் உள்ளே போகும், துரு பிடிக்கும், துரு பருத்துக் கம்பியைக் கவ்விப்பிடிக்கும். என் கேபிளில் கியர்பாக்ஸ் பக்கத்து ரப்பர் நொறுங்கியே போயிருந்தது. அது மட்டுமில்லை. இந்த ரகக் கேபிளை 20 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. எனக்கு முன்னால் படகை வைத்திருந்த யாரோ, லாக்கரில் சாமான் வைக்க இடம் வேண்டும் என்று கேபிளை மூலையோடு மூலையாக மடக்கி, பிளாஸ்டிக் டையால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அந்த டையை வெட்டியதுமே கேபிள் கொஞ்சம் இளகியது. அதுவே நோயின் பாதியைச் சொல்லிவிட்டது.

முனையில் புனல் கட்டி எண்ணெய் விட்டால் சரியாகும் என்று சொல்வார்கள். கொஞ்ச நாள் ஓடும். ஆனால் இரு முனையும் நசுக்கி மூடியிருப்பதால் உள்கம்பியை வெளியே எடுத்துத் துடைக்க முடியாது, துரு உள்ளேயே இருக்கும். கியர் கேபிளில் நான் அந்த வைத்தியத்தை நம்ப மாட்டேன். பழைய உறையின்மேல் '33சி' என்ற ரகமும் நீளமும் அச்சிட்டிருந்தது. கோலாலம்பூரில் ஒரு கடையில் சொல்லி அதே ரகம், அதே நீளத்தில் இரண்டு வரவழைத்தேன். திராட்டில் கேபிளுக்கும் அதே வயதுதானே.

புதுசை நுழைப்பது எளிது, பழசே வழிகாட்டும். பழைய கேபிளின் முனையில் ஒரு மெல்லிய நைலான் கயிற்றைக் கட்டி, முடிச்சு எங்கும் மாட்டாதபடி இன்சுலேஷன் டேப்பைச் சரிவாகச் சுற்றி மறுபக்கமிருந்து இழுத்தேன். அப்புறம் அந்தக் கயிற்றால் புதுசை உள்ளே இழுத்தேன். இந்த முறை மூலையில் மடக்காமல் அகலமாகச் சுற்றிக் கொண்டுபோனேன். லாக்கரில் கொஞ்சம் இடம் போனது, போகட்டும். எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்திலும் போகவிடவில்லை, சூட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகிவிடும். லீவருக்குள் கட்டியாகிப்போன பழைய கிரீஸைச் சுரண்டி எடுத்து, தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸ் வைத்தேன். திருகுகளை, இரண்டு உலோகமும் அரித்து ஒட்டாமல் தடுக்கும் டெஃப்-ஜெல் பசை தடவித்தான் மாட்டினேன்.

இனிதான் முக்கியமான வேலை. புதுக் கேபிள் போட்டதும் லீவர் வெண்ணெயாக நகரும், அந்தச் சந்தோஷத்தில் அளவு பார்க்காமல் விட்டால் கியர்பாக்ஸுக்கே கேடு. யான்மாரின் இந்தச் சின்ன கியர்பாக்ஸில் கிளட்ச் கூம்பு வடிவம். கை முழுத் தூரம் போனால்தான் கூம்பு அழுத்தமாகப் பிடிக்கும். முக்கால்வாசி போய் நின்றால், மெதுவாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. வேகம் கூட்டினால் வழுக்கும், வழுக்க வழுக்கக் கூம்பு தேய்ந்து பளபளப்பாகி, அப்புறம் நிரந்தரமாகவே வழுக்கத் தொடங்கும்.

லீவர், கியர்பாக்ஸ் இரண்டையும் நியூட்ரலில் வைத்தேன். கேபிளுக்கும் கைக்கும் இடையே செங்கோணம் வரும்படி உறையைக் கிளாம்பில் இறுக்கி, முனைத் திருகை முன்னும் பின்னும் சுற்றி ஓட்டையோடு பொருத்தினேன். சோதிக்கும் முறை சுலபம். லீவரை ஃபார்வர்டில் போட்டு, கியர்பாக்ஸ் பக்கத்துப் பின்னை மட்டும் கழற்றி, கையை அதே திசையில் விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். இன்னும் நகர்ந்தால் கேபிள் முழுத் தூரம் கொண்டுபோகவில்லை என்று அர்த்தம். எனக்கு ஃபார்வர்டு சரியாக இருந்தது, ரிவர்ஸில் கொஞ்சம் நகர்ந்தது. திருகை மாற்றினால் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைகிறது. அதனால் கையில் அச்சுக்கு இன்னும் பக்கத்திலிருக்கும் ஓட்டைக்கு மாற்றினேன். அங்கே அதே கேபிள் நகர்வுக்குக் கை கூடுதல் கோணம் சுற்றும். தள்ள லேசாகக் கனம் கூடியது, ஆனால் இரண்டு பக்கமும் கடைசிவரை போனது. லாக் நட்டை இறுக்கிப் புது ஸ்ப்ளிட் பின் போட்டேன்.

படகைக் கூடுதல் கயிறுகளால் ஜெட்டியில் கட்டிவிட்டு எஞ்சினைப் போட்டோம். மனைவி லீவரில், நான் கீழே டார்ச்சோடு கியர்பாக்ஸ் பக்கத்தில். ஃபார்வர்டு, நியூட்ரல், ரிவர்ஸ், மறுபடி நியூட்ரல். ஒவ்வொரு முறையும் தயங்காமல் விழுந்தது. ரிவர்ஸில் கொஞ்சம் வேகம் கூட்டியபோது புரொப்பெல்லரைச் சுற்றும் ஷாஃப்டும் அதற்கேற்பச் சுற்றியது, வழுக்கல் இல்லை. கியரைத் துண்டித்துவிட்டுத் திராட்டிலை மட்டும் கொடுக்கும் பட்டனும் வேலை செய்தது.

திராட்டில் கேபிள் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. அதை மாற்றும்போது ஐடில் வேகத்தையும் (சும்மா ஓடும்போது எஞ்சினின் குறைந்த வேகம்) சேர்த்துச் சரிபார்க்க வேண்டும். லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால் எஞ்சின் பக்கத்துக் கை ஐடில் திருகில் போய் முட்டி நிற்க வேண்டும், இப்போது ஒரு மயிரிழை முன்னாலேயே நின்றுவிடுகிறது.