782.57-இல் நிற்பது எந்த லிப்பிட்?

நிறைமானியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) பாசிட்டிவ் மோடில், அதாவது நேர்மின் அயனிகளை அளந்து, ஓட்டிய பிளாஸ்மா தரவை, லிப்பிட்களுக்குப் (கொழுப்பு மூலக்கூறுகளுக்கு) பெயரிடும் எம்எஸ்-டயல் மென்பொருளில் ஏற்றினால் பட்டியலில் 782.57-க்கு நேரே பிசி 36:4 அநேகமாக வந்து நிற்கும். பிசி என்பது பாஸ்ஃபாடிடைல்கோலின்; 36:4 என்பது அதன் கொழுப்பு அமிலச் சங்கிலிகளில் உள்ள மொத்தக் கார்பன், இரட்டைப் பிணைப்பு எண்ணிக்கை. அந்த வரியைச் சரிபார்க்காமல் அட்டவணைக்குள் விடாதீர்கள்.

பிசி 36:4 புரோட்டான் ஏற்றால் எம்/இசட் (நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதம்) 782.5694. பிசி 34:1 சோடியம் ஏற்றால் 782.5670. இடைவெளி 0.0024 டால்டன், சுமார் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3 பங்கு). நிறையை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க ஏறக்குறைய 3,25,000 ரெசல்யூஷன் (பிரித்தறியும் திறன்) வேண்டும். எம்எஸ்-டயலில் எம்எஸ்1 (உடைக்காத முழு அயனியின் அளவீடு) டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கும் நிறை வேறுபாடு, இயல்பாக 0.01 டால்டன். ஆர்பிட்ராப் என்ற உயர் துல்லிய நிறைமானியின் தரவுக்கு 0.005 ஆகக் குறைப்பது நல்லதுதான், ஆனால் குறைத்தாலும் இரண்டும் ஒரே வலைக்குள்தான் விழும். பிளாஸ்மாவில் பிசி 36:4 உண்மையாகவே நிறைய இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அதன் பீக் பரப்பில் 34:1-இன் பங்கு கலந்துவிட்டால் அளவு தவறிப்போகும்.

அயனியை உடைத்துப் பார்த்ததில் 184.0733 துண்டு வந்திருக்கிறதே என்று நிம்மதி அடையவும் முடியாது. அது கோலின் தலைப்பகுதியைத்தான் காட்டுகிறது. ஸ்பிங்கோமயலினும் அதே துண்டைத் தரும். சோடியம் ஏற்றது பெரும்பாலும் டிரைமெத்தில் அமீனை இழந்து 723.49-இல் தெரியும். உடைப்பதற்கான அயனிகளைத் தேர்ந்தெடுக்கும் ஒரு டால்டன் அகல ஐசொலேஷன் ஜன்னலில் இரண்டு அயனிகளும் சேர்ந்தே நுழைவதால் இரண்டு துண்டுகளும் ஒரே ஸ்பெக்ட்ரத்தில் இருக்கக்கூடும்.

தீர்ப்புச் சொல்வது ரிட்டென்ஷன் டைம், அதாவது பிரிப்புக் குழாயிலிருந்து மூலக்கூறு வெளிவரும் நேரம். 760.585 (புரோட்டான் ஏற்ற பிசி 34:1), 782.57 இரண்டின் குரோமட்டோகிராமையும் (நேரத்துக்கு எதிரான சிக்னல் வரைபடம்) ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். நேரமும் பீக்கின் வடிவமும் அச்சாகப் பொருந்தினால் அது சோடியம். சி18 பிரிப்புக் குழாயில் (column) உண்மையான 36:4, 34:1-க்கு முன்பே வெளிவந்துவிடும். அடக்ட் (மூலக்கூறோடு ஒட்டும் அயனி) பட்டியலில் சோடியத்தை டிக் செய்யாமல் விட்டிருந்தால் மென்பொருளின் கையில் இருப்பது ஒரே பெயர். அதையே எழுதி வைக்கும்.

நெகட்டிவ் மோடில் கொழுப்பு அமிலங்களே வெளியே வருவதால் உறுதி கூடுகிறது: பிசி 34:1-க்கு 255.233, 281.249, பிசி 36:4-க்குப் பெரும்பாலும் 255.233, 303.233. ஆனால் இங்கே சால்வென்ட் தேர்வு முக்கியம். அம்மோனியம் அசிடேட்டில் ஓட்டிவிட்டு அமைப்பில் ஃபார்மேட் என்று விட்டால், பிசி 34:1-இன் அசிடேட் அயனி 818.592, பிசி 35:1-இன் ஃபார்மேட் அயனியோடு அணுவுக்கு அணு ஒன்றாகிவிடும். ஒற்றைப்படைக் கார்பன் லிப்பிட்கள் திடீரென்று வரிசையாக வந்தால் முதலில் இந்த அமைப்பைத் திறந்து பாருங்கள்.

இன்னொரு கண்ணி அயனி மூலத்திலேயே இருக்கிறது. பிசி 34:1-இன் ஃபார்மேட் அயனி 804.576 அங்கேயே 60.02-ஐ இழந்தால் கிடைக்கும் 744.555, பிஇ (பாஸ்ஃபாடிடைல்எத்தனோலமைன்) 36:1-இன் நிறையேதான். பிசி 34:1 வெளிவரும் அதே நேரத்தில் இந்தப் பிஇ தோன்றினால் அதை நீக்கிவிடலாம்.

ஒரே தரவை எம்எஸ்-டயல், லிப்போஸ்டார் என்ற இரண்டு மென்பொருள்களிலும் இயல்பு அமைப்புகளோடு ஓட்டியபோது 14.0 சதவீதப் பெயர்கள்தான் ஒத்துப்போயின என்று 2024-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மேலே சொன்ன கண்ணிகளைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. வேறொரு மென்பொருளுக்கு மாறுவதைவிட, ஒரே வகுப்பு லிப்பிட்களின் ரிட்டென்ஷன் டைமைக் கார்பன் எண்ணிக்கைக்கு எதிராக வரைந்து பார்ப்பது அதிகம் உதவும் என்பது என் கருத்து. இரட்டைப் பிணைப்பு எண்ணிக்கை ஒவ்வொன்றுக்கும் ஒரு சீரான கோடு வரும். கோட்டை விட்டு விலகிய புள்ளி தவறான பெயராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பெயர் எழுதும்போதும் தரவு சொன்னதை மட்டும் எழுதுங்கள். எம்எஸ்1 மட்டும் இருந்தால் பிசி 34:1. கொழுப்பு அமிலத் துண்டுகள் தெரிந்தால் பிசி 16:0_18:1. சாய்கோடு போட்டு 16:0/18:1 என்று எழுத, எது எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். மென்பொருள் சாய்கோடு போட்டுக் கொடுத்தாலும், சான்று இல்லையென்றால் அடிக்கோடாக மாற்றிவிடுங்கள்.