எட்மன்டன் குளிரும் வெந்நீர்த் தொட்டியும்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இருக்கும் எங்கள் எட்மன்டனில் ஜனவரி, பிப்ரவரி வந்துவிட்டால் வெப்பமானி சுழியத்துக்குக் கீழே முப்பது டிகிரி வரை இறங்கிவிடும். அந்த வாரங்களில் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும், சனி ஞாயிறில் மலைப்பக்கம் போய் ஹாட் டப் என்ற வெந்நீர்த் தொட்டியில் உட்காரப் போவதாகச் சொல்வார்கள். ஆல்பர்ட்டாக்காரர்களுக்கு வெந்நீர் மேல் உள்ள பிரியம் நேற்று வந்ததல்ல. 1883-இல் ரயில் பாதை போட வந்த தொழிலாளர்கள் பான்ஃப் மலையடிவாரத்தில் ஒரு வெந்நீர் ஊற்றைக் கண்டார்கள். அதைச் சுற்றி 1885-இல் அரசு ஒதுக்கி வைத்த நிலம்தான் பின்னாளில் கனடாவின் முதல் தேசியப் பூங்காவாக வளர்ந்தது. ஊற்றுக்குப் போக முடியாதவர்களுக்கு இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பிலும், விடுதியிலும், வாடகைக்கு விடும் மலை வீட்டிலும் ஹாட் டப் இருக்கிறது. சுற்றிலும் பனி கொட்ட, கழுத்து வரை வெந்நீரில் அமிழ்ந்திருக்கும் சுகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தென்காசியில் பிறந்து குற்றாலத்தில் குளித்து வளர்ந்த எனக்கு, இங்கே வந்த முதல் குளிர்காலத்தைத் தாங்க உதவியவற்றில் அதுவும் ஒன்று.

வெந்நீர் என்றாலே நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர், சளி பிடித்தால் வெந்நீர், வயிறு சரியில்லை என்றால் கொதிக்க வைத்து ஆற்றிய நீர் என்று வளர்ந்தவர்கள் நாம். கொதித்த நீரில் கிருமி இருக்காது என்பது சரிதான். ஆனால் ஹாட் டப்பின் நீர் கொதிப்பதில்லை. 38 முதல் 40 டிகிரி வரைதான் அதன் சூடு. அது நம் உடம்புக்கு இதமான சூடு. சில கிருமிகளுக்கும் அதே அளவுதான் இதம். புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பிப்ரவரியில் இங்கே குடும்ப தின விடுமுறை வரும். அப்படி ஒரு நீண்ட வார இறுதியில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து மலையோரமாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். பின்கட்டில் மரப் படிகளோடு பெரிய ஹாட் டப். தண்ணீர் அடி தெரியும்படி தெளிவாக இருந்தது. பிள்ளைகள் நாள் முழுக்க அதிலேயே கிடந்தார்கள். ஊர் திரும்பிய மறுநாள் என் மகள் இடுப்பைச் சொறிந்துகொண்டே வந்தாள். நீச்சலுடை படிந்திருந்த இடமெல்லாம் மிளகு அளவில் தடிப்புகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மயிர்க்கால். சிலவற்றின் முனையில் சீழ் கோத்திருந்தது. அண்ணியைத் தொலைபேசியில் கூப்பிட்டால், அவர் வீட்டிலும் இரண்டு பிள்ளைகளுக்கும் அதே கதை. ஊரிலிருந்து காணொளியில் பார்த்த அம்மா, "அம்மை போட்டிருக்கிறது, வேப்பிலை போட்டுக் குளிப்பாட்டு" என்றார். என் கணவருக்கு மூட்டைப்பூச்சி என்று சந்தேகம்.

811 என்ற எண்ணை அழைத்தால் ஆல்பர்ட்டாவில் எந்த நேரமும் ஒரு செவிலியர் பேசுவார்; வேண்டுமானால் மொழிபெயர்ப்பாளரையும் இணைப்பில் சேர்ப்பார்கள். இங்கே வந்து இறங்கியவர்கள் முதல் வாரத்திலேயே குறித்து வைத்துக்கொள்ள வேண்டிய எண் இது. நான் விவரித்ததும் செவிலியர் கேட்ட முதல் கேள்வியே, "ஹாட் டப்பில் இறங்கினீர்களா?" என்பதுதான். மறுநாள் மருத்துவரும் பார்த்துவிட்டு அதையே உறுதி செய்தார். முகத்தில் ஒன்றுமில்லை, ஏனென்றால் முகம் தண்ணீருக்கு மேலே இருந்தது. ஈர உடை ஒட்டியிருந்த இடத்தில் அதிகம். ஒரே தொட்டியில் இருந்தவர்களுக்கு ஒரே சமயத்தில் வந்திருக்கிறது. மயிர்க்கால் அழற்சி என்றார். சூடோமோனாஸ் எருஜினோசா என்ற பாக்டீரியா செய்யும் வேலை அது.

இந்தப் பாக்டீரியா மண்ணிலும் நீரிலும் சாதாரணமாக வாழ்வது. 42 டிகிரி சூட்டிலும் செழித்து வளரும். வெந்நீரில் ஊறி மென்மையான தோலின் மயிர்க்கால்களுக்குள் புகுந்துகொள்ளும். சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் தடிப்பு தெரியும். சிலருக்கு இன்னும் தாமதமாகும். உடல்நலமுள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் தானாக அடங்கிவிடும். எங்கள் மருத்துவரும் ஆன்டிபயாட்டிக் எழுதவில்லை. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஒற்றச் சொன்னார், அரிப்புக்கு ஒரு களிம்பு தந்தார், நீச்சலுடைகளை நன்றாகத் துவைத்து உலர்த்தச் சொன்னார். காய்ச்சல் வந்தாலோ, தடிப்பு பரவிக்கொண்டே போனாலோ திரும்ப வரவேண்டும் என்றார்.

நம் நிறத்தைப் பற்றி ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த நோய்க்கு இணையத்தில் தேடினால் வரும் படங்களில் வெள்ளைத் தோலில் ரோஜா நிறப் புள்ளிகள்தான் அதிகம். நம் தோலில் அப்படித் தெரியாது. கரும்பழுப்பாகவோ ஊதா கலந்தோ தெரியும். சில சமயம் கண்ணைவிட விரலுக்குத்தான் முதலில் தட்டுப்படும். அழற்சி ஆறிய பின்னும் கருந்தழும்பு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். என் மகளுக்கு அரிப்பு அடங்கியும் தழும்பு போகவில்லை. பள்ளி நீச்சல் வகுப்புக்குப் போக மறுத்தாள். அவை நிரந்தரமல்ல, சொறியாமல் இருந்தால் மங்கிவிடும் என்று மருத்துவர் அவளிடமே பொறுமையாக விளக்கினார். அந்தப் பேச்சு களிம்பைவிட அவளுக்கு உதவியது.

தெளிந்த தண்ணீரில் இது எப்படி வந்தது? குற்றாலத்தில் நம் மேல் விழும் நீர் அடுத்த நொடி ஓடிப்போய்விடும். ஹாட் டப்பில் அதே நீர்தான் வாரக்கணக்கில் குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அதைக் காப்பது குளோரினோ புரோமினோதான். ஆனால் நீர் சூடாக இருப்பதாலும், ஊதுகுழாய்கள் காற்றைக் கலந்து கொப்பளிக்க வைப்பதாலும், நீச்சல் குளத்தைவிட இங்கே குளோரின் வேகமாகத் தீர்ந்துபோகும். ஒரு நீச்சல் குளத்தின் நீரோடு ஒப்பிட்டால் தொட்டியின் நீர் மிகக் குறைவு; அதில் ஆறு பேர் இறங்கினால் வியர்வையும் அழுக்கும் குளோரினை விழுங்கிவிடும். குளோரின் இறங்கிய நேரத்தில் குழாய்களின் உட்புறம் பாக்டீரியா வழவழப்பான படலமாகப் படிந்துகொள்ளும். அந்தப் படலத்துக்குள் இருப்பதை, பிறகு கொட்டும் குளோரின் எளிதில் தொடாது. எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டவர், முந்தைய விருந்தினர்கள் போன பிறகு நீரைச் சோதிக்கவே இல்லை என்று கேட்டபோது ஒப்புக்கொண்டார்.

இது வாடகை வீடுகளோடு முடிகிற சங்கதியும் அல்ல. 1998-இல் எட்மன்டனிலேயே ஒரு சிறுவர் குளத்தில் விளையாடிய 40 குழந்தைகளுக்கு உள்ளங்காலில் தாங்க முடியாத வலியோடு கட்டிகள் வந்தன. காரணம் இதே சூடோமோனாஸ். குளத்தின் தரை வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பாகப் பூசியிருந்தார்கள். அதில் தேய்ந்த பிஞ்சுக் கால்களில் கிருமி நுழைந்தது. தோல் மருத்துவர்கள் அதை 2001-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். பிள்ளைகள் அனைவரும் குணமானார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் பழக்கங்களிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. தலை நிறையத் தேங்காய் எண்ணெயோடு தொட்டியில் இறங்கினால், அந்த எண்ணெய் நீரின் மேல் பரவி, குளோரினின் வேலையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். உடம்பில் பூசிய லோஷனும் அப்படித்தான். இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லி எழுதி வைத்திருப்பது சம்பிரதாயத்துக்காக அல்ல. நம் பெண்கள் பலர் கூச்சத்தால் பருத்திச் சட்டையும் காற்சட்டையுமாக இறங்குகிறார்கள். மூடிக்கொள்ள விரும்பினால் முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை இங்கே கடைகளில் கிடைக்கிறது. எதை உடுத்தினாலும், வெளியே வந்ததும் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். ஈர உடையோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவதுதான் கிருமிக்கு வசதி. கால், கை முடியை மழித்த அன்றே இறங்குவதையும் தவிர்க்கலாம்.

நான் இப்போது எங்கே போனாலும் பையில் சோதனைப் பட்டைகள் வைத்திருக்கிறேன். நீச்சல் குளப் பொருட்கள் விற்கும் கடைகளில் சிறிய குப்பியில் கிடைக்கும். விலை மிகக் குறைவு. பட்டையை நீரில் தோய்த்து எடுத்து, குப்பியில் சொன்ன விநாடிகள் பொறுத்து, பக்கத்தில் அச்சிட்ட நிறங்களோடு ஒப்பிட வேண்டும். நான் வாங்கும் வகையில் குளோரின் கட்டம் வெள்ளையிலிருந்து ஊதாவாக மாறும். வெள்ளையாகவே இருந்தால் குளோரின் இல்லை, இறங்கக் கூடாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஹாட் டப்புக்குச் சொல்லும் அளவு, குளோரின் பத்து லட்சம் பங்கு நீரில் குறைந்தது 3 பங்கு. புரோமின் என்றால் 4 முதல் 8. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.0-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்க வேண்டும். அதைத் தாண்டி ஏறினால், குளோரின் இருந்தும் அதன் வீரியம் குறைந்துவிடும். பட்டை கையில் இல்லாவிட்டால் நீர்மட்டத்துக்குக் கீழே பக்கச்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்றோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் திரும்பிவிடுங்கள். மூக்கைத் துளைக்கும் குளோரின் நாற்றமும் நல்ல அறிகுறியல்ல. அழுக்கோடு சேர்ந்து செலவான குளோரின்தான் அப்படி நாறும்.

நம்மவர்களுக்கு இதையெல்லாம்விடக் கடினமாக இருப்பது வாய் திறந்து கேட்பது. வந்த புதிதில் எதைக் கேட்டாலும் குறை சொல்கிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் இருக்கும். இங்கே பொதுக் குளங்களையும் விடுதி ஹாட் டப்புகளையும் பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் சோதிக்கிறார்கள். நடத்துகிறவர்கள் நீரின் அளவுகளை அன்றாடம் குறித்து வைக்க வேண்டும். "கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?" என்று கேட்டால் யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை, பதிவேட்டை எடுத்துக் காட்டியவர்களே அதிகம்.

கோடையில் ஊரிலிருந்து அம்மாவும் மாமியாரும் வரும்போதுதான் இன்னும் கண்டிப்பாக இருக்கிறேன். இருவருக்கும் சர்க்கரை நோய். சரியாகப் பராமரிக்காத தொட்டியின் ஆவியில் லெஜியோனெல்லா என்ற வேறொரு பாக்டீரியாவும் வரக்கூடும். அது நுரையீரலைத் தாக்கும். 1999-இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் மலர்க் கண்காட்சியில் பார்வைக்கு வைத்திருந்த ஹாட் டப்பின் நீர்த்துளிகள் காற்றில் கலந்து, அதில் இறங்கக்கூட இல்லாதவர்கள் நோயுற்றார்கள். குறைந்தது 32 பேர் இறந்தார்கள். வயதானவர்கள், புகைப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. கர்ப்பிணிகளுக்கு அந்தச் சூடே ஆகாது. அம்மாவுக்கு மூட்டுவலிக்கு வெந்நீர் வேண்டுமென்றால், வீட்டுக் குளியல் தொட்டியில் புது நீர் நிரப்பித் தருகிறேன். குளித்து முடித்ததும் அடைப்பைத் திறந்து நீர் முழுவதையும் வடித்துவிடுகிறேன்.