கொலோன் டோமில் ஒரு ஜன்னல், ஏரன்ஃபெல்டில் ஒரு பள்ளிவாசல்

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. கொலோனுக்கு வேலைக்கு வந்த புதிதில், காசில்லாமல் குளிருக்கு ஒதுங்க எனக்குத் தெரிந்த இடம் ரயில் நிலையத்தை ஒட்டிய டோம்தான். இங்கே கொலோன் பேராலயத்தை யாரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை; 'டோம்' என்றால் போதும்.

1248இல் தொடங்கிய கட்டடம் இது. 16ஆம் நூற்றாண்டில் வேலை நின்றுபோய், 1842இல் மறுபடி ஆரம்பித்து, 1880இல்தான் முடிந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் அரைகுறைக் கோபுரத்தின் தலையில் ஒரு பாரந்தூக்கி நின்றபடியே இருந்ததாம். நம் ஊர் மேம்பாலங்களை இனிக் குறை சொல்லக் கூடாது.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது தெற்குப் பக்க ஜன்னல். இரண்டாம் உலகப் போரில் போன பழைய கண்ணாடிக்குப் பதிலாக, 2007இல் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் வடிவமைத்தது. 72 நிறங்களில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சதுரங்கள். எந்த நிறம் எங்கே என்பதைப் பெரும்பாலும் கணினியின் குலுக்கலுக்கே விட்டுவிட்டார். பேராலயத்தார் முதலில் கேட்டது 20ஆம் நூற்றாண்டின் மறைசாட்சிகளின், அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்களின், உருவங்களை. வந்ததோ உருவமே இல்லாத நிறம். அன்றைய பேராயர் கர்தினால் மைஸ்னருக்குப் பிடிக்கவில்லை. இது ஒரு மசூதிக்குத்தான் பொருந்தும் என்கிற மாதிரி சொன்னார். திறப்பு நிகழ்ச்சிக்கும் வரவில்லை.

கீழக்கரைப் பக்கம் வளர்ந்த எனக்கு அது வசவாகவே படவில்லை. கோயில் மண்டபம் போலக் கல்தூண்கள் நிற்கும் ஜும்மா பள்ளியைப் பார்த்தவனிடம் போய், 'இது அவர்கள் பாணி' என்றால் என்ன சொல்வது? வெயில் ஏறும் நேரத்தில் அந்த நிறங்கள் தூணிலும் தரையிலும் வந்து விழுவதைப் பார்த்தால், கர்தினாலோடு சண்டை போடவும் தோன்றாது.

அவர் சொன்ன மசூதி பிறகு நிஜமாகவே வந்தது. கொலோனிலேயே துருக்கிக் கடைகள் நிறைந்த ஏரன்ஃபெல்ட் பகுதியில், 55 மீட்டர் உயர மினாராக்கள் இரண்டோடு நிற்கும் மத்தியப் பள்ளிவாசல். கட்டும்போது ஊரில் எதிர்ப்பும் ஊர்வலமுமாக இருந்திருக்கிறது. 2018இல் அதிகாரபூர்வமாகத் திறந்தார்கள். வடிவமைத்த பால் பெம் ஒரு தேவாலயக் கட்டடக் குடும்பத்தின் பிள்ளை. தாத்தா டொமினிகுஸ், அப்பா காட்ஃப்ரீட் இருவரும் ஆலயங்களால் பெயர் பெற்றவர்கள். குண்டுவீச்சில் தப்பிய மாதா சிலைக்கு இதே கொலோனில் சிற்றாலயம் எழுப்பியவர் அப்பா. மகனோ குவிமாடத்தையே கான்கிரீட் இதழ்களாகப் பிரித்து, இடைவெளிகளில் கண்ணாடி பதித்தார். விரியத் தொடங்கிய மொட்டு மாதிரி இருக்கும். தெருவில் போகிறவருக்கும் உள்ளே தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். உள்ளேயும் உருவம் கிடையாது; வெள்ளைச் சுவர், பொன்னிற எழுத்து, வெளிச்சம்.

2022 அக்டோபர் முதல் இங்கே வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலிபெருக்கியில் கேட்கிறது. சத்தத்துக்கு வரம்பு உண்டு, ஐந்து நிமிடம்தான். டோமின் மணிக்கு அப்படியொன்றும் தொந்தரவில்லை!

ஊரிலிருந்து யாராவது வந்தால் கோபுரத்தின் 533 படிகளை ஏறச் சொல்வதில்லை. வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து ஜன்னல், அப்புறம் ஏரன்ஃபெல்ட். வெண்டைக்காயும் கொத்தமல்லியும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.